விளக்குக்கு மேலே ஒரு மூடி

பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, ஜெர்மனியில் எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் நான் கூரைகளைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பேன். ஒரு வீட்டு ஓட்டின் மேல் பனி கலையாத மெத்தையாகக் கிடக்கும். அடுத்த வீட்டில் அதே பனி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரைந்து ஓடு கறுத்துத் தெரியும். வெயில் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். கரைந்த இடத்துக்குக் கீழே, அந்த வீட்டார் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. புகைபோக்கியின் ஓரம், பரண் கதவின் விளிம்பு, குழாய் நுழையும் பொந்து என்று அதற்கு வழிகள் பல. அவற்றில் ஒன்று, அழகுக்காக சீலிங்கில் பதித்த விளக்கு.

நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங் ஸ்பாட்லைட் என்போமே, அதேதான். ஜெர்மானியர் ஐன்பௌஷ்ட்ராலர் என்பார்கள். ஜிப்சம் பலகையில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம் ஒன்றை வெட்டி, விளக்கைச் செருகி, இரண்டு ஸ்பிரிங்குகள் பலகையைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டால் வேலை முடிந்தது. கீழிருந்து பார்த்தால் பளிச்சென்ற ஒரு வளையம். மேலே பரணில் ஏறிப் பார்த்தால் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையின் மேல் இன்று ஜெர்மனியில் ஒரு சிறு டப்பாவைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கைக்கடக்கமான, விலை குறைந்த, யாரும் திரும்பிப் பார்க்காத பொருள். அது பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுக் குழப்பமும், எண்ணெய் முடை ஒன்றும், கதவில் மாட்டும் ஒரு விசிறியும் தேவைப்பட்டன.

குழப்பம் மியூனிக்கில் தொடங்கியது. 1858-ல் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், ஓர் அறையில் காற்று எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதை அளக்க முற்பட்டார். நவீன சுகாதார இயலின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அவர் வகுத்த வரம்பை இன்றும் வகுப்பறைகளில் பயன்படுத்துகிறார்கள். தன் அறையின் கதவுச் சந்து, ஜன்னல் சந்து, சாவித் துவாரம் என எல்லாவற்றையும் ஒட்டி அடைத்துவிட்டு அவர் மீண்டும் அளந்தார். காற்று மாறுவது ஓரளவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்படியானால் மிச்சக் காற்று செங்கல் சுவர் வழியாகத்தான் போக வேண்டும், சுவர் மூச்சுவிடுகிறது என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவு தவறு. 1928-ல் ராய்ஷ் என்ற ஆய்வாளர் சுவர்களையே அளந்து, பூசிய சுவர் வழியே போகும் காற்று மிக அற்பம் என்று காட்டினார். பெட்டன்கோஃபரின் அறையில் காற்று எங்கேதான் போயிருக்கும்? மரக்கட்டை பாவிய சீலிங், புகைபோக்கியோடு இணைந்த அடுப்பு, இவ்விரண்டும்தான் வழி என்பது பிற்காலக் கட்டட இயற்பியலாளர்களின் கணிப்பு. கண் மட்டத்தில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அந்த மேதை அடைத்தார். தலைக்கு மேலே பார்க்கவில்லை. ஆனாலும் ‘மூச்சுவிடும் சுவர்’ என்ற சொல் ஜெர்மன் மொழியில் நிலைத்துவிட்டது. வீட்டைக் காற்றுப்புகாமல் அடைத்தால் சுவர் மூச்சுத் திணறிப் பூசணம் பிடிக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நல்ல நோக்கத்தில் பிறந்த ஒரு பிழை நூற்றைம்பது ஆண்டுகள் வீடுகளை ஒழுகவிட்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைக்கு மேலே இருக்கும் ஓட்டை மற்ற ஓட்டைகளைவிட ஏன் கொடியது என்பதை ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். குளிர்காலத்தில் வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியைப் போல இயங்குகிறது. கீழே கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைகிறது, மேலே சீலிங்கை அழுத்தியபடி சூட்டுக் காற்று வெளியேற வழி தேடுகிறது. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி, தரையிலிருந்து மேல்மாடி சீலிங் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீலிங்கில் ஏறத்தாழ 2 பாஸ்கல் அழுத்தம் சேரும். மிக மெல்லிய அழுத்தம் அது. ஆனால் இரவும் பகலும் ஓயாது. விளக்கைச் சுற்றியுள்ள சந்துகளையும் அதன் காற்றுத் துளைகளையும் கூட்டினால் 5 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம், பத்து ரூபாய் நாணயத்தின் முகத்தைவிடச் சற்றே சிறியது. அதன் வழியாக மணிக்கு சுமார் 2 கன மீட்டர் காற்று போகும். வரவேற்பறையிலும் நடையிலும் சேர்த்துப் பத்து விளக்குகள் என்றால் 20 கன மீட்டர். அதோடு போகும் வெப்பம் ஏறத்தாழ 135 வாட். ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்கு மேல். விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பணத்தைவிட மோசமான நஷ்டம் ஒன்று உண்டு. 20 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் 8 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 5 கிராமைக்கூட அதனால் சுமக்க முடியாது. மிச்சத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். பரணில் அது இறக்கி வைக்கும் இடம் கைமரமும், வெப்பம் போகாமல் காக்க விரித்த கனிமக் கம்பளியும், ஓட்டுக்கு அடியில் கிடக்கும் பலகையும்தான். மேலே சொன்ன பத்து விளக்குகள் ஒரு குளிர் நாளில் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அங்கே விட்டுச்செல்லக் கூடும். ஒரு பங்கு பரண் காற்றோடு போய்விடும் என்றாலும், மாதக்கணக்கில் நனையும் கைமரத்துக்கு மிச்சப் பங்கே போதும். பழைய பரண்களில் மஞ்சள் கம்பளியைப் புரட்டினால் சில இடங்களில் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். காற்று ஆண்டுக்கணக்கில் அந்த வழியே ஏறி, தன் தூசியைக் கம்பளியில் வடிகட்டிவிட்டுப் போன தடம் அது.

இதையெல்லாம் தேட வைத்தது எண்ணெய். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியதும் மேற்கு ஜெர்மனி நடுங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போன படங்களை அந்தத் தலைமுறை இன்றும் எடுத்துப் பார்க்கிறது. 1976-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977 நவம்பரில் முதல் வெப்பக்காப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. சுவருக்கு, கூரைக்கு, ஜன்னலுக்கு எவ்வளவு காப்பு என்று எண்கள் வந்தன. நாடே சென்டிமீட்டரில் பேசத் தொடங்கியது. எத்தனை சென்டிமீட்டர் கம்பளி போட்டாய் என்பதுதான் கேள்வி. அந்தக் கம்பளிக்குள் காற்று ஓடுகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. கம்பளிச் சட்டை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பொத்தான் போடாமல் வாடைக்காற்றில் நின்றால் என்ன ஆகும்?

அந்தக் கேள்வியை அழுத்தமாகக் கேட்டது கடல் தாண்டிய ஓர் ஊர். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற புதுக் குடியிருப்பை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 1970-களில் வீடு வீடாக அளந்துகொண்டிருந்தார்கள். பரணில் காப்பு இருந்தும், கணக்குப்படி போக வேண்டியதைவிடப் பல மடங்கு வெப்பம் அங்கே போயிற்று. டேவிட் ஹார்ஜெ, கௌதம் தத், ஜான் பேயா ஆகியோர் துருவியபோது விஷயம் பிடிபட்டது. வெப்பம் காப்பின் ஊடாகப் போகவில்லை. புகைக்குழாயைச் சுற்றிய பொந்து, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையிலான சந்து என்று காப்பைச் சுற்றிக்கொண்டு காற்றாகப் போயிற்று. இந்தக் குறுக்கு வழிகளைக் கண்டுபிடிக்க ஸ்வீடனில் பிறந்த கருவி ஒன்று அதே காலத்தில் கைகொடுத்தது. வாசலிலோ ஜன்னலிலோ ஒரு விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவது. உறிஞ்சிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று எல்லா ஓட்டைகள் வழியாகவும் சீறிக்கொண்டு உள்ளே வரும். ஜெர்மானியரும் இதை ஆங்கிலப் பெயரிலேயே ப்ளோவர் டோர் என்கிறார்கள்.

விளக்குக்கு மேலான மூடியின் உண்மையான தாய் இந்த விசிறிதான் என்று நினைக்கிறேன். அதுவரை ஓட்டை என்பது ஊகம். விசிறி வந்த பிறகு அது எண்ணாயிற்று. வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, அந்த நிலையில் வீட்டின் முழுக் காற்றும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று பார்ப்பார்கள். 50 பாஸ்கல் என்பது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்று சுவரில் மோதும் அழுத்தம். விசிறி ஓடும்போது ஸ்பாட்லைட்டுக்குக் கீழே கையை நீட்டினால், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தது போலக் குளிர் உள்ளங்கையில் விழும். அந்தக் குளிரைக் கையில் வாங்கிய வீட்டுக்காரருக்கு அதன் பிறகு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி டார்ம்ஸ்டாட். ஹெஸ்ஸன் மாநிலத்தில், ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே இருக்கும் ஊர். வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளர் அங்கே வீட்டுவசதி ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1988-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் போ ஆடம்சனோடு பேசிக்கொண்டிருந்தபோது கருத்து ஒன்று உருக்கொண்டது. வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டை மேலும் மேலும் திறமையாக்குவதற்குப் பதிலாக, சூடாக்கும் தேவையே இல்லாத அளவுக்கு வீட்டைக் கட்டினால் என்ன? உள்ளே வசிப்பவர்களின் உடல் சூடு, சமையல் சூடு, ஜன்னல் வழி வரும் வெயில் ஆகியவையே ஏறத்தாழப் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவருவது. பாசிவ்ஹௌஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஹெஸ்ஸன் அரசின் உதவியோடு டார்ம்ஸ்டாட்டின் கிரானிக்ஷ்டைன் பகுதியில் வரிசையாக நான்கு வீடுகள் எழுந்தன. போட், ரிடர், வெஸ்டர்மெயர் ஆகியோர் கட்டடக் கலைஞர்கள். 1991-ல் குடியேறியவர்களில் ஃபைஸ்டின் குடும்பமும் ஒன்று. தான் வகுத்த கணக்குக்குள் தன் பிள்ளைகளோடு குடிபோன அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். சுவருக்கு வெளியே 275 மில்லிமீட்டர் பாலிஸ்டைரின். கூரைக்குள் 445 மில்லிமீட்டர் கனிமக் கம்பளி, அதற்கு மேலே மண்ணும் புல்லும். ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, நடுவே கிரிப்டான் வாயு. எல்லாரும் எழுதுவது இந்தத் தடிமன்களைப் பற்றித்தான். நான் சொல்ல வந்தது அவற்றுக்குக் கீழே இருந்த மிக மெல்லிய ஒன்றைப் பற்றி.

அந்தக் கூரையின் அடிப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் இப்படி வரும்: கம்பளி, அதைத் தாங்கும் மரம், குறுக்கே ரீப்பர், விளிம்புக்கு விளிம்பு இடைவெளியே இல்லாமல் ஒட்டிய பாலித்தீன் தாள், பிறகு ஜிப்சம் பலகை, காகிதம், வண்ணப்பூச்சு. அந்தத் தாள்தான் வீட்டின் காற்றுத் தோல். சுவரில் உட்பூச்சே தோல், கூரையில் தாள், இரண்டும் சேரும் மூலையில் ஒட்டு. இந்தத் தோல் வீட்டை எங்கும் அறுபடாமல் சுற்றிவர வேண்டும் என்பதே கட்டளை. வரைபடத்தில் பென்சிலை எடுக்காமல் அந்தக் கோட்டை வரைய முடிய வேண்டும் என்பார்கள் இந்தத் துறைக்காரர்கள். பென்சில் எங்கே நிற்கிறதோ அங்கே காற்று போகும். கிரானிக்ஷ்டைனில் விசிறி வைத்து அளந்தபோது 50 பாஸ்கலில் மணிக்கு 0.2 முதல் 0.4 முறைதான் காற்று மாறியது. சூடாக்கத் தேவைப்பட்டது ஆண்டுக்கு, சதுர மீட்டருக்கு சுமார் 10 யூனிட். கால் நூற்றாண்டு கழித்து மறுபடி சோதித்தபோதும் தாள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1996-ல் ஃபைஸ்ட் டார்ம்ஸ்டாட்டில் பாசிவ்ஹௌஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் வகுத்த எல்லை 0.6.

இப்படி ஒரு தாளைக் கட்டிக் காக்க ஜெர்மனி கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அதை ஓட்டை போடும் பொருள் கடைக்கு வந்தது. சிலைடு புரொஜக்டருக்காக அமெரிக்காவில் உருவான சிறு பிரதிபலிப்புக் கிண்ணத்தோடு கூடிய ஹாலஜன் விளக்கு, 12 வோல்ட்டில் வீடுகளுக்குள் நுழைந்தது. மியூனிக்கில் விளக்கு வடிவமைப்பாளர் இங்கோ மௌரர் 1984-ல் மெல்லிய கம்பிகளில் ஹாலஜன்களைத் தொங்கவிட்டுக் காட்டியது ஒரு பாணியையே தொடங்கி வைத்தது. கம்பியில் தொங்கியவை பிறகு சீலிங்குக்குள் ஒளிந்தன. பரணை அறையாக்கும் வேலை எங்கும் நடந்துகொண்டிருந்தது. சாய்கூரைக்கு அடியில் ஜிப்சம் பலகை அடித்ததும், குளியலறைக்கு ஆறு, நடைக்கு எட்டு என்று வட்டம் வட்டமாக வெட்டினார்கள். பலகையை வெட்டிய வாள் அதன் மேலே இருந்த தாளையும் சேர்த்தே வெட்டியது.

வெட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹாலஜன் விளக்கு உண்டாக்கும் சூட்டுக்கு அதைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். கம்பளியைப் போட்டு மூடினால் எரிந்துபோகும், தீ பிடிக்கக்கூடும். ஆகவே எலக்ட்ரீஷியன் விளக்கைச் சுற்றிக் கம்பளியை விலக்கி வைத்தார். அவர் கற்ற பாடப்படி அது சரி. கூரைக்காரர் தாளை அறுபடாமல் ஒட்டினார். அவர் பாடப்படி அதுவும் சரி. ஒரே வட்டத்தில் ஒருவருக்குக் காற்று வேண்டும், இன்னொருவருக்குக் காற்றே கூடாது. இருவரும் வெவ்வேறு நாளில் வேலைக்கு வந்தார்கள். ஓட்டை அவர்கள் இருவருக்கும் இடையே விழுந்தது.

எவ்வளவு சிறிய சந்து எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து 1989-ல் ஓர் அளவீடு வெளியானது. ஃபிரௌன்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிறுவனத்தில் செய்தது. ஒரு சதுர மீட்டர் கூரைக் காப்பில் 1 மீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் சந்து விட்டுக் காற்றை அழுத்தினார்கள். வெப்பம் கடக்கும் அளவு 0.3-லிருந்து 1.44-க்குப் போயிற்று. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தாள் முழுதாக இருந்தால் அதன் ஊடாக ஒரு நாளில் அரை கிராம் நீராவி கசியும். சந்து இருந்தால் பல நூறு கிராம். இந்த 4.8 மடங்கு என்ற எண்ணை மேற்கோள் காட்டாத கூரைத் தொழில் கையேடு ஜெர்மன் மொழியில் அரிது. ஒரு மில்லிமீட்டர் சந்துக்கே அந்தக் கதி என்றால், முழு வட்டமாக வெட்டிய துளையைப் பற்றி என்ன சொல்ல?

பிறகு விதிகள் விரைந்து வந்தன. காற்றுப்புகாமை பற்றிச் சொல்லும், டின் (DIN) 4108 என்ற ஜெர்மன் தரத்தின் ஏழாம் பாகம் 1996-ல் முன்வடிவாகவும் 2001-ல் முழுத் தரமாகவும் வெளியானது. தாளை எப்படி ஒட்டுவது, அதைத் துளைத்துப் போகும் பொருள்களை எப்படி அடைப்பது என்று படம் போட்டுச் சொன்னது. 2002 பிப்ரவரியில் வந்த எரிசக்திச் சேமிப்பு ஆணை, புதுவீட்டின் மேலுறை நிலையாகக் காற்றுப்புகாததாக இருக்க வேண்டும் என்றது. விசிறி வைத்துச் சோதித்தால், ஜன்னல் திறந்து காற்று வாங்கும் வீட்டில் 3 முறை, இயந்திரக் காற்றோட்டம் உள்ள வீட்டில் 1.5 முறை என்பது உச்சம். வேலை முடிந்த வீட்டில் ஒருநாள் விசிறியோடு ஆள் வருவார் என்ற எண்ணம் தொழிலாளர்களின் கையை மாற்றியது. யார் விட்ட ஓட்டை என்பது இப்போது தெரிந்துவிடுமே.

அங்கேதான் டப்பா பிறந்தது. பிறந்தது ஒரே வடிவத்தில் அல்ல.

முதல் வடிவம் ஒரு வெற்று இடைவெளி. தாளுக்குக் கீழே ரீப்பர் கட்டை அடித்து, நாலைந்து சென்டிமீட்டர் விட்டு, அதற்குக் கீழே பலகை அடிப்பது. ஒயர், சுவிட்ச், விளக்கு எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளேயே ஓடும். தாளை யாரும் தொட வேண்டாம். ஜெர்மன் தச்சர்கள் இதற்கு ‘நிறுவல் தளம்’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். இருப்பதிலேயே நேர்மையான வழி இதுதான் என்பது என் எண்ணம். ஓட்டையை அடைப்பதைவிட ஓட்டையே போடாமல் இருப்பது மேல்.

ஆனால் கட்டி முடித்த வீட்டில் சீலிங்கை நாலைந்து சென்டிமீட்டர் இறக்க எல்லாராலும் முடியாது. அவர்களுக்காக வந்தது இரண்டாம் வடிவம், அசல் டப்பா. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் ஸௌவர்லாந்து மலைப்பகுதியில் ஷால்க்ஸ்மூலே என்று ஒரு சிற்றூர். அங்கே 1904 முதல் இயங்கும் கைசர் நிறுவனம் சுவரில் புதைக்கும் சுவிட்ச் பெட்டி, ஜங்ஷன் பெட்டி போன்றவற்றைச் செய்கிறது. ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் போன்ற மென்சவ்வு வைத்து, ஒயரைச் சுற்றி அது இறுகப் பிடித்துக்கொள்ளும்படி காற்றுப்புகாப் பெட்டிகளைச் செய்தது. அதே வழியில் ஸ்பாட்லைட்டுக்கும் கூடுகள் வந்தன. தெர்மோஎக்ஸ் என்பது அவர்கள் வைத்த பெயர். விளக்கின் சூடு தாளையும் கம்பளியையும் தொடாதபடி உள்ளே இடம் விடுகிறது, வீட்டுக் காற்று பரணுக்குப் போகாதபடி தடுக்கிறது. எலக்ட்ரீஷியன் கேட்ட இடைவெளியும் கூரைக்காரர் கேட்ட அடைப்பும் ஒரே கூட்டில். இருவரும் கடைசியில் அந்த டப்பாவுக்குள் சமாதானமானார்கள்.

கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் இந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை, கான்கிரீட்டே காற்றை விடாது. மரமும் பலகையும் தாளும் சேர்ந்த கூரைக்குத்தான் இவ்வளவு கவனம்.

மீதிச் சமாதானத்தைச் செய்தது எல்இடி. ஐரோப்பிய ஒன்றியம் 2016 செப்டம்பரில் வீட்டு மின்னழுத்தத்தில் நேரடியாக எரியும் ஹாலஜன் ஸ்பாட்களையும், 2018 செப்டம்பரில் பெரும்பாலான சாதாரண ஹாலஜன் பல்புகளையும் விற்பனைக்கு வருவதிலிருந்து நீக்கியது. 50 வாட் ஹாலஜன் தந்த வெளிச்சத்தை 5, 6 வாட் எல்இடி தருகிறது. சூடு குறைந்ததால் கூடு சிறுத்தது, தட்டையானது. இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்கு விளக்கே மெலிந்தது. ஆனால் எல்இடிக்கும் சூடு ஆகாது என்பதை மறக்கக்கூடாது. விளக்குக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்கள் வேகமாகக் கெட்டுப்போகும். காப்பால் மூடக்கூடாத விளக்கின் மேல் அதற்கென்றே ஓர் அடையாளப் படம் அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

பழைய வீட்டை வாங்கியவர்களுக்கு இந்த வேலை எப்படியும் வந்து சேர்கிறது. வெப்பமில்லாத பரணுக்குக் கீழே இருக்கும் மேல் சீலிங், 0.24 என்ற வெப்பக் கடப்பளவைத் தாண்டக்கூடாது என்கிறது 2020-ல் வந்த கட்டட எரிசக்திச் சட்டம். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ஆளுக்கு ஆள் பரணில் கம்பளி விரிக்கிறார்கள். விரிக்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், கம்பளிக்கு அடியில் ஓட்டை அப்படியே இருக்கும், இனி கண்ணுக்கும் தெரியாது. ஆகவே முதலில் ஹாலஜனைக் கழற்றி, மூடத் தகுந்த எல்இடியைப் போட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வதே முறை. பிறகு பரணிலிருந்து ஒவ்வொரு விளக்கின் மேலும் தீப்பிடிக்காத மூடியைக் கவிழ்த்து, அதன் விளிம்பைப் பலகையோடு பசை போட்டு ஒட்டி, ஒயர் நுழையும் துளையை அடைத்து, அதற்கும் பிறகே கம்பளி. வீட்டில் யாருக்கும் அந்த விளக்குகள் மேல் பெரிய பிரியம் இல்லை என்றால் நான் சொல்வது வேறு: துளையைப் பலகை வைத்து மூடிவிட்டு, சீலிங்குக்குக் கீழே ஒட்டி நிற்கும் விளக்கு போட்டுக்கொள்ளலாம். வெளிச்சம் அதே வெளிச்சம்தான்.

ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் சுற்றுவட்டாரத்திலும், அதைத் தாண்டி ரூர் பகுதி எங்கும் நம்மவர்கள் பலர் வசிக்கிறார்கள். நம் அடுப்படிகளை நினைக்கும்போது இந்தக் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மூச்சு, குளியல், துவைத்த துணி, சமையல் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் நீராவி எழும் என்பது இங்குள்ள பொதுவான கணக்கு. பிட்டும் இடியப்பமும் அவிக்கிற, சோறு கொதிக்கிற, பருப்பு வேகிற வீட்டில் அது குறையப் போவதில்லை. அந்த ஆவி சீலிங் விளக்கைக் கண்டுபிடித்துவிட்டால் கைமரம்தான் அதன் அடுத்த இடம். ஓட்டையை அடைத்துவிட்டால் ஆவி வீட்டுக்குள் தங்கும், ஆகவே அதற்கு ஒழுங்கான வழி ஒன்றைத் திறந்தே ஆக வேண்டும். ஜெர்மானியர் ஒரு நாளில் சில தடவை ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடுகிறார்கள். கிரானிக்ஷ்டைன் வீடுகளில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது: வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றிவிட்டு அனுப்புகிறது. பெட்டன்கோஃபர் கேட்டதும் நல்ல காற்றைத்தான். அதை ஓட்டையிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டது.

தமிழ்நாட்டில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. மாடி வீட்டில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் விளக்குத் துளையால் பெரிய கேடில்லை. ஓட்டு வீட்டிலோ தகரக் கூரைக்குக் கீழோ பலகை அடித்து ஏசி வைத்திருந்தால் கதை வேறு. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கிக் கதவிடுக்கில் ஒழுகும். அது விட்ட இடத்தை நிரப்ப, வெயிலில் காய்ந்த கூரைக்கு அடியில் வேகும் காற்று விளக்குத் துளைகள் வழியாக இறங்கும். மூடி அங்கேயும் அதே மூடிதான்.

அளக்க விசிறி வேண்டியதில்லை. சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி ஒன்று போதும். ஜெர்மனியில் என்றால் வாடைக்காற்று அடிக்கும் ஒரு ஜனவரி மாலையில், ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, ஸ்டூல் மீது ஏறி, அணைந்திருக்கும் ஸ்பாட்லைட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே பத்தியைப் பிடிக்க வேண்டும். மூடி இருக்கும் விளக்கின் கீழ் புகை சீலிங்கைத் தொட்டு எல்லாப் பக்கமும் சோம்பலாகப் பரவும். மூடி இல்லாத விளக்கின் கீழ் அது நூல் போல மெலிந்து, வளையத்தின் இடுக்குக்குள் நுழைந்து, பரணுக்குப் போய்விடும்.